இரைச்சலுக்குள் ஓர் இசையிலக்கணம்

பாடல் வரிகளற்ற ஹெவி மெட்டல் இசையை 'இரைச்சல்' என்று ஒதுக்குவோர் நம்மிடையே பலர். அந்த இரைச்சலை ஆராய நமது கர்நாடக இசைச் சொற்களே துணைபுரியும்.

முதலாவது, ஒத்திசைவு. மெட்டல் கித்தாரின் அடித்தளம் 'பவர் கார்ட்'. அதில் ஷட்ஜம், பஞ்சமம் என இரண்டே சுரங்கள். தம்புராவிலும் பெரும்பாலும் இவையே ஒலிக்கின்றன. ஒலியைச் சிதைத்துப் பெருக்கும்போது காந்தாரமும் சேர்ந்தால் ஒலி கலங்கிவிடும். எனவே அதை விட்டுவிடுகின்றனர்.

இரண்டாவது, சுரவரிசை. சுவீடனைச் சேர்ந்த யிங்வி மால்ம்ஸ்டீனின் 'ரைசிங் ஃபோர்ஸ்' (1984) தொகுப்பில் மிகுதியாக ஒலிக்கும் ஹார்மோனிக் மைனர், நமது கீரவாணியின் சுரங்களே. நடபைரவியின் கைசிகி நிஷாதம் இங்குக் காகலியாகிறது. அது மேல் ஷட்ஜத்தை ஒட்டி நிற்பதால், பஞ்சமத்தில் எழும் கார்ட் ஷட்ஜத்தை நாடுகிறது. ஆனால், கமகமும் பிடிகளும் இல்லாததால் இதனை இராகம் எனல் பொருந்தாது.

மூன்றாவது, வடிவம். மெட்டாலிக்காவின் 'ஓரையன்' (1986) எட்டு நிமிடத்திற்கும் மேல் நீள்வது. மெல்ல எழும் தொடக்கம், கனத்த மெட்டு, ஆறெண்ணிக்கையில் நிதானமான நடுப்பகுதி, மீண்டும் கனத்த ஒலி, அடக்கம் எனப் பகுதிகளைக் குறித்துக்கொண்டே கேளுங்கள், கட்டமைப்பு விளங்கும்.

ஜொகூர் பாலத்திற்கு அப்பால், சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய 'ருத்ரா' குழு, இந்திய இசைக்கூறுகளை மெட்டலோடு இணைத்துக் காட்டியது. இணைக்க முடிந்ததை விளக்கவும் நம் மொழியால் முடியும். கலைச்சொல் இல்லை என்று தயங்காமல், கேட்ட இசையைத் தமிழிலேயே ஆராய முற்படுவோம்.