கிராமச் சாலைக்கு ஏற்ற டிராக்டர் பிளேடு

புனே மாவட்டத்தின் மேற்கே சஹ்யாத்ரி மலைத்தொடர். கிழக்கே தக்காணத்தின் வறண்ட சமவெளி. லோணாவளாவில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. பாராமதியில் ஏறத்தாழ 500 மில்லிமீட்டரே. எனினும் இரு பகுதிகளிலும் நெல்லும் கரும்பும் பாலும் மண் சாலைகளையும், 'பாணந்த்' என வழங்கும் வயற்பாதைகளையும் கடந்தே சந்தையை அடைய வேண்டியுள்ளது. 1972-73ஆம் ஆண்டுகளின் கடும் வறட்சியில் மகாராஷ்டிர மக்கள் நிவாரணப் பணிகளில் உழைத்து உருவாக்கியவற்றுள் சாலைகளும் அடங்கும். சாலையை அமைப்பது ஒருமுறை. பேணுவதோ ஆண்டுதோறும் செய்ய வேண்டிய பணி. மோட்டார் கிரேடர் எட்டாத கிராமங்களில் டிராக்டரின் பின்னே பொருத்தும் பிளேடு இப்பணிக்கு உதவும். ஆயின், பிளேடு பொருத்தமற்றதாயின் செலவும் உழைப்பும் ஒரே மழையில் கரைந்துவிடும்.

நீர் வடிவதே நோக்கம்

மண் சாலையைப் பெரிதும் கெடுப்பது தேங்கும் நீர். ஆகவே சாலையின் நடுப்பகுதி உயர்ந்து இருபுறமும் சரிந்திருக்க வேண்டும். 100-க்கு 4 என்ற சரிவு கொண்டால், 3 மீட்டர் அகலச் சாலையின் நடுப்பகுதி ஓரங்களைவிட 6 செ.மீ. உயர்ந்திருக்கும். சமதளமாக்குவது மட்டுமே பராமரிப்பு ஆகாது.

மூவகைக் கருவிகள்

கோணம் மாற்றத்தக்க பின்புறப் பிளேடு, ஓரத்தில் ஒதுங்கிய கிராவலை நடுவே கொணரும். பக்கவாட்டில் சாய்த்தால் ஓரவடிகாலும் வெட்டும். பெட்டிப் பிளேடு மண்ணைச் சுமந்து சென்று குழிகளை நிரப்பும். அதன் பற்கள் இறுகிய தளத்தைக் கீறும். எனினும் மண்ணைப் பக்கவாட்டில் ஒதுக்க அதனால் இயலாது. நீண்ட சறுக்குச் சட்டங்கள் கொண்ட இழுவைக் கருவி, சிறு மேடுபள்ளங்களைச் சீராக்க ஏற்றது.

டிராக்டரின் முன்சக்கரம் மேட்டில் ஏறினால் பின்னுள்ள பிளேடு ஆழமாகப் பதியும். பள்ளத்தில் இறங்கினால் மேலெழும். இதனால் பழைய அலைகள் மறைந்து புதிய அலைகள் தோன்றும். பிளேடுக்குப் பின்னே ஆழம் காக்கும் சக்கரங்கள் இருப்பின் இக்குறை பெரிதும் நீங்கும். ஒரு கருவி மட்டுமே வாங்க இயலும் ஊராட்சிக்கு, இச்சக்கரங்களுடன் கூடிய கோணப் பிளேடே தக்கது.

அகலமும் எடையும்

1.8 மீட்டர் பிளேடை 30 பாகை திருப்பினால் 1.56 மீட்டர் அகலமே வெட்டப்படும். டிராக்டரின் வெளிப்புற அகலம் 1.7 மீட்டராயின் சக்கரத் தடம் எஞ்சும். 2.1 மீட்டர் பிளேடு, அதே கோணத்தில் 1.8 மீட்டர் அகலத்தை வெட்டும். எடை குறைந்த பிளேடு இறுகிய முரம் தளத்தின்மீது வழுக்கிச் செல்லும். எடை மிகுந்தால் முன்சக்கரங்கள் பிடிப்பிழக்கும். எனவே டிராக்டரின் தூக்குதிறனை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். தேய்ந்த வெட்டுமுனையைக் கழற்றி மாற்றும் வசதியும் தேவை.

தக்க காலம்

முரம் சற்றே ஈரமாக இருக்கையில் வேலை செய்தால் மண் இறுகிப் பிணையும். வறண்ட கோடையில் வெட்டினால் பிணைக்கும் நுண்மண் புழுதியாகப் பறந்துவிடும். நனைந்த கரிசல் பிளேடில் ஒட்டிக்கொள்ளும்; அது ஓரளவு உலரும்வரை பொறுத்திருத்தல் நன்று. மேலும், பாரம் தாங்கும் வலிமையைக் கரிசலுக்கு எந்தப் பிளேடும் தந்துவிடாது. அதன்மீது முரம் பரப்பி இறுக்குவதே வழி. அலைகள் தோன்றிய இடத்தில் அவற்றின் அடிமட்டம்வரை வெட்டிப் பரப்ப வேண்டும். மேற்புறத்தை மட்டும் சீவினால் அவை விரைவில் மீளும்.

பருவமழைக்கு முன்னும் பின்னும் இவ்வாறு பேணப்படும் சாலை, கூலியாய் உழைத்த மக்களின் வியர்வையை வீணாக்காது. மழைக்காலத்திலும் விளைச்சலுக்கு வழிவிடும்.