விவாகரத்துத் தீர்ப்பு நகல்: எப்போது கேட்பது, எப்படிப் பெறுவது?

சில ஆண்டுகளுக்கு முன் ஜூன் மாதத்தில், ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்காக ஒரு தாய் தன் மகளுடன் வந்தார். மாற்றுச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. விண்ணப்பத்தில் தந்தை கையொப்பமிடும் இடம் மட்டும் காலியாக இருந்தது. "நாங்க பிரிஞ்சிட்டோம் டீச்சர். கோர்ட்டுல முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு" என்றார். சேர்க்கைப் பணியில் இருந்த நான், "அப்படின்னா அந்தத் தீர்ப்பு நகலைக் கொண்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டேன்.

அவரிடம் நகல் இல்லை. வீடு மாறியபோது தொலைந்திருந்தது. எங்கள் ஊர்க் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கே அங்கு இல்லை என்றார்கள். மறுநாள் வழக்கறிஞரைத் தேடினார். அவர் தொழிலையே விட்டிருந்தார். இரண்டு நாள் கூலி போன பிறகு திரும்பி வந்து, "அந்தக் காகிதம் இல்லேன்னா புள்ளையச் சேர்க்க மாட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார். அது தலைமையாசிரியர் காதில் விழுந்தது. "சேர்க்கைக்கு அது எதுக்கு? அம்மா கையெழுத்துப் போதுமே" என்று அன்றே சேர்த்துக்கொண்டார்.

தேவையில்லாத இடத்தில் நான் கேட்ட அந்த நகல், அதே கல்வியாண்டில் உண்மையாகவே தேவைப்பட்டது. ஒரு நாள் மதியம் தந்தை பள்ளிக்கு வந்து, மகளை அழைத்துப் போவதாகச் சொன்னார். குழந்தை யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தாய் வந்து சேரும்வரை அவரைத் தலைமையாசிரியர் அறையில் அமரவைத்துச் சமாளித்தோம். அதன்பின் அந்தத் தாய்க்கு உதவப் போய் நான் கற்றுக்கொண்டவற்றைச் சக ஆசிரியர்களுடன் இங்கே பகிர்கிறேன்.

முதல் கேள்வி: நகல் தேவைதானா?

பிரிந்து வாழும் பெற்றோரிடம் எதற்கெடுத்தாலும் தீர்ப்பு நகல் கேட்பது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. கடவுச்சீட்டு விதிகளே 2016 டிசம்பரில் தளர்த்தப்பட்டன. விண்ணப்பத்தில் தாய், தந்தை, காப்பாளர் ஆகியோரில் ஒருவர் பெயர் போதும். மணமுறிவு பெற்றவர் தன் கடவுச்சீட்டுக்குத் தீர்ப்பு நகல் தர வேண்டியதில்லை என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. அப்படியிருக்க, பள்ளிச் சேர்க்கைக்கு நாம் கேட்பதில் பொருளில்லை.

உண்மையில் தேவைப்படும் இடங்கள் சில உண்டு. மறுமணத்தைப் பதிவு செய்யும்போது, ஓய்வூதியத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும்போது, அரசு ஊழியர் தம் பணிப்பதிவேட்டில் குடும்ப விவரத்தை மாற்றும்போது நகல் வேண்டும். குழந்தையை யார் வைத்திருப்பது என்ற தகராறு பள்ளி வாசலுக்கு வரும்போதும் வேண்டும்.

வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடந்தது?

அந்தத் தாய் முதலில் தவறியது இங்கேதான். இப்போது வசிக்கும் ஊரில்தான் ஆவணம் இருக்கும் என்று நினைத்தார். இந்து திருமணச் சட்டம், 1955இன் 19ஆம் பிரிவுப்படி, திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகியவற்றில் ஒன்றில் வழக்குத் தொடரலாம். மனைவி மனுதாரர் என்றால் அவர் வசிக்கும் ஊரிலும் தொடரலாம். இது 2003இல் சேர்க்கப்பட்டது. எனவே "யார் வழக்குப் போட்டது? அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்ற இரண்டு கேள்விகளிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

குடும்ப நீதிமன்றங்கள் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தவை. அவை இல்லாத இடங்களில், தமிழ்நாட்டில் இந்துத் திருமண வழக்குகளைச் சார்பு நீதிமன்றங்கள் விசாரிக்கின்றன. ஓர் ஊருக்குக் குடும்ப நீதிமன்றம் பிற்பாடு வந்திருந்தால், அதற்கு முன்பே முடிந்த வழக்கின் கட்டு சார்பு நீதிமன்றப் பதிவறையில் இருக்கலாம். நாங்கள் தேடிய வழக்கு, கணவரின் சொந்த ஊரைச் சேர்ந்த சார்பு நீதிமன்றத்தில் நடந்திருந்தது.

வழக்கு எண்ணைக் கண்டுபிடிப்பது

நீதிமன்றத்தில் முதலில் கேட்பது வழக்கு எண்ணும் ஆண்டும்தான். பழைய அழைப்பாணை, வழக்கறிஞர் தந்த ரசீது, வாய்தாத் தேதி குறித்த துண்டுச் சீட்டு என எது இருந்தாலும் எண் கிடைத்துவிடும். எதுவும் இல்லாவிட்டால் இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ தேடலாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்து, வழக்குத் தரப்பினர் பெயரையும் பதிவான ஆண்டையும் கொடுக்க வேண்டும். முடிந்த வழக்கு என்பதால் "முடிவுற்றவை" என்பதையும் தேர்ந்துகொள்ள வேண்டும்.

நம் பெயர்களை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதுகிறோம். 'தி' என்ற ஓரெழுத்தை 'டி' மட்டும் போட்டும் எழுதுவார்கள், 'டிஎச்' சேர்த்தும் எழுதுவார்கள். அதனால் முழுப்பெயருக்குப் பதில் முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுத்துப் பாருங்கள். மனைவி பெயரில் வராவிட்டால் கணவர் பெயரில் தேடுங்கள். வழக்கு கிடைத்தால் 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணும் தெரியும், அதைக் குறித்து வைத்தால் மீண்டும் பெயரால் தேட வேண்டியதில்லை. கணினிக்கு முந்தைய பழைய வழக்குகள் இணையத்தில் இல்லாமல் போகலாம். அப்போது நீதிமன்றத்தில் மனு கொடுத்துப் பதிவேட்டில் தேடச் சொல்வதுதான் வழி.

நகல் மனு

எண் கிடைத்ததும் அந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில் நகல் மனு கொடுக்க வேண்டும். மனுவில் இருக்க வேண்டியவை:

1. வழக்கு எண், ஆண்டு, நீதிமன்றத்தின் பெயர்.
2. இரு தரப்பினர் பெயர்கள். விண்ணப்பிப்பவர் மனுதாரரா, எதிர்மனுதாரரா என்பது.
3. தீர்ப்பு வழங்கப்பட்ட தேதி.
4. தேவைப்படும் ஆவணம்: தீர்ப்பா, தீர்ப்பாணையா, குழந்தைப் பொறுப்பு பற்றிய உத்தரவா என்பது.
5. நகல் எதற்காக என்பது.

நீதிபதி காரணங்களோடு எழுதுவது தீர்ப்பு; அதன் முடிவைச் சுருக்கமாகச் சொல்வது தீர்ப்பாணை. திருமணம் முறிந்தது என்று காட்டத் தீர்ப்பாணையே பெரும்பாலும் போதும். குழந்தையின் பொறுப்பு பற்றி 26ஆம் பிரிவின்கீழ் பிறப்பிக்கும் உத்தரவு தீர்ப்பாணைக்குள்ளேயே இருக்கலாம், தனியாகவும் இருக்கலாம். பின்னாளில் அது மாற்றப்படவும் கூடும். எனவே கடைசி உத்தரவு எது என்று கேட்டுப் பெற வேண்டும்.

மனுவில் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். பக்கங்களைக் கணக்கிட்டு, எவ்வளவு கட்டணம் செலுத்த வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் போடுவார்கள். கொடுத்த கெடுவுக்குள் செலுத்தாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும். மனு கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பும் ஏழைத் தாய்மார் பலர் தவறவிடுவது இந்தப் பட்டியலைத்தான். மனுவின் எண்ணைக் குறித்துக்கொண்டு, பட்டியல் எப்போது வரும் என்று கேட்டுவிட்டே திரும்பச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 23(4) பிரிவுப்படி, மணமுறிவுத் தீர்ப்பாணையின் ஒரு பிரதியை இரு தரப்பினருக்கும் நீதிமன்றம் இலவசமாகத் தர வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருக்கும் பெற்றோரிடம் இதைச் சொல்லிவைத்தால் பின்னாளைய அலைச்சல் மிஞ்சும்.

பள்ளி நேரடியாகக் கேட்கலாமா?

வேண்டாம். வழக்கின் தரப்பினர் மனு கொடுப்பதுதான் முறை. மூன்றாம் நபர் கேட்டால் காரணத்தை விளக்கி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். தகவல் உரிமைச் சட்டமும் இதற்குப் பயன்படாது. நீதிமன்ற ஆவண நகல்களை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்துள்ளது. இத்தகைய வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்க வேண்டும், விவரங்களை அச்சிட்டு வெளியிடக் கூடாது என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. சட்டமே மறைத்து வைக்கும் ஒன்றை நாம் வகுப்பில் பேசலாகாது.

தேடியும் கிடைக்காவிட்டால்

சிலருக்கு வழக்கே நடந்திருக்காது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டதையே விவாகரத்து என்று நம்பியிருப்பார்கள். சட்டம் ஏற்கும் வழக்காறு இருந்தாலன்றி அது மணமுறிவு ஆகாது. ஜீவனாம்ச உத்தரவும் விவாகரத்து அல்ல. நீதிமுறைப் பிரிவும் அல்ல. அவர்கள் கையில் உள்ள காகிதம் எது என்று பொறுமையாகப் படித்துச் சொல்வதே பெரிய உதவி.

அடுத்த வழி இலவசச் சட்ட உதவி. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்கீழ் பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி அதைப் பெறலாம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். கணவர் விட்டுச் சென்று வழக்கே இல்லாதவர்கள், கைவிடப்பட்ட பெண் என்ற சான்றுக்கு இ-சேவை மையம் வழியாக வருவாய்த் துறையிடம் விண்ணப்பிக்கலாம்.

நகல் பள்ளிக்கு வந்த பிறகு

அந்தத் தாய் தந்த நகலில் நமக்குத் தேவைப்பட்டது ஒரு பத்திதான்: மகள் தாயிடம் இருக்க வேண்டும், தந்தை குறிப்பிட்ட நாள்களில் பார்க்கலாம். மற்றப் பக்கங்களில் இருந்தவை இரு மனிதர்களின் வேதனை. அந்தப் பத்தி உள்ள பக்கத்தை மட்டும் படியெடுத்து, மூடிய உறையில் தலைமையாசிரியரின் பீரோவில் வைத்தோம். மீதியைத் தாயிடமே திருப்பிக் கொடுத்தோம். வகுப்பாசிரியருக்குச் சொன்னது ஒரே வரி: "அம்மா, பாட்டி தவிர வேறு யார் அழைத்தாலும் தலைமையாசிரியரிடம் கேட்காமல் அனுப்ப வேண்டாம்."

தந்தை அடுத்த முறை வந்தபோது, அவர் பார்க்கலாம் என்று உத்தரவில் இருந்த நாள்களைத் தலைமையாசிரியர் மெதுவாக எடுத்துச் சொன்னார். அவர் சண்டை போடவில்லை. தேர்வு மதிப்பெண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்பினார். அந்தப் பெண் வகுப்பில் இருந்தாள்; வெளியே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

இப்போது சேர்க்கை மேசையில் தந்தையின் இடம் காலியாக வரும் விண்ணப்பத்தைக் கண்டால் நான் ஒன்றைத்தான் கேட்கிறேன்: "பிள்ளையைக் கூட்டிட்டுப் போக யார் யார் வருவாங்கம்மா?" சேர்க்கை நாளில் பள்ளிக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.