விபத்துக்கு யார் பொறுப்பு?

மாலை ஐந்தரை மணி. மழை விட்டபாடில்லை. நகர்ச் சாலை ஒன்றில் சிவப்பு விளக்கு எரிந்ததும் ஒரு லாரி நிற்கிறது. அதன்பின் ஒரு கார் நிற்கிறது. அதற்கும் பின்னால் வந்த வேன் நிற்காமல் சறுக்கிச் சென்று காரின்மீது மோதுகிறது. மோதிய வேகத்தில் கார் முன்னோக்கித் தள்ளப்பட்டு லாரியில் இடிக்கிறது. காரின் பின்னிருக்கையில் இருக்கைப் பட்டை அணியாமல் அமர்ந்திருந்த இளைஞரின் நெற்றி முன்னிருக்கையில் மோதிக் கிழிகிறது. ஒரு விரலும் முறிகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆயினும் இப்படிப்பட்ட இடத்தில் கூடுபவர்கள் என்ன பேசுவார்கள் என்பது நமக்குத் தெரியும். "மழைதான் காரணம்" என்பார் ஒருவர். "நேரம் சரியில்லை" என்பார் இன்னொருவர். "பிரேக்கை மிதித்தேன், வண்டி நிற்கவில்லை" என்பார் வேனை ஓட்டி வந்தவர். மூன்று விடைகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. எதிலும் மனிதர் எவரும் குற்றம் செய்யவில்லை! சட்டமோ வேறு கேள்வியைக் கேட்கிறது: காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டத் தவறியவர் யார்?

முதலில் மழையைப் பார்ப்போம். மழை திடீரென்று குறுக்கே ஓடிவருவதில்லை. அது பெய்வது ஓட்டுநரின் கண்முன்னேதான். ஈரச் சாலையில் வண்டி நிற்பதற்குக் கூடுதல் தூரம் தேவை என்பதால், வேகத்தைக் குறைத்து இடைவெளியைக் கூட்டுவது அவருடைய கடமையாகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். கைப்பேசியை இரண்டே வினாடி பார்த்தாலும், ஏறக்குறைய மூன்று பேருந்துகளின் நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகும். டயரில் உள்ள பள்ளங்கள் நீரை வெளியேற்றுவதற்காக அமைந்தவை. அவை தேய்ந்துவிட்டால் டயர் சாலையைப் பற்றாமல் நீரின்மேல் வழுக்கும்.

அடுத்த வாடிக்கையாளரின் முகவரியை வேன் ஓட்டுநர் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தார் என்றும், டயர்கள் தேய்ந்துள்ளதை முதலாளியிடம் முன்பே இருமுறை தெரிவித்திருந்தார் என்றும் விசாரணையில் தெரியவருவதாக வைத்துக்கொள்வோம். இப்போது மழை பின்னுக்குப் போய்விடுகிறது. மனிதர்கள் முன்னுக்கு வருகிறார்கள்.

மலேசியாவில் இத்தகைய நிகழ்வு இரண்டு வழிகளில் செல்லும். பலர் இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதுண்டு.

ஒன்று குற்றவியல் வழி. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, விபத்தில் சிக்கிய ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும்; 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். கவனமின்றி வாகனம் ஓட்டுவது குற்றம். ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்தால், 2020இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறையும், 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்கப்படும். அதே திருத்தம் மது அருந்தி வாகனம் ஓட்டுவோருக்கான வரம்பையும் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைத்தது. ஓட்டுநர் உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பவரும் குற்றவாளியே. மோட்டார் சைக்கிள் உரிமம் பெறக் குறைந்தபட்ச வயது 16. அதற்கு முன்பே தம்பியிடம் சாவியைத் தூக்கிக் கொடுக்கும் அண்ணன்மார் இதனை அறிந்திருப்பது நல்லது.

அபராதத் தொகை அரசாங்கத்திற்குச் செல்கிறது. மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கு அதிலிருந்து ஒரு சென்னும் வராது. அதற்கு இரண்டாவது வழியாகிய சிவில் வழக்கு இருக்கிறது. காயமடைந்தவர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரலாம். ஊழியர் தம் வேலையின்போது கவனக்குறைவால் விளைவித்த சேதத்திற்கு முதலாளியும் பொறுப்பாவார். இங்கோ தேய்ந்த டயர்களை மாற்றாத தவறும் அவரைச் சேரும். பிறருக்கு ஏற்படும் மரணம், உடற்காயம் ஆகியவற்றுக்கான காப்புறுதி இன்றிச் சாலையில் வாகனம் ஓட்டக்கூடாது என்று சட்டம் வலியுறுத்துவதும் இதற்காகத்தான். ஓட்டுநரிடம் பணம் இல்லை என்பதால் காயமடைந்தவர் வெறுங்கையோடு நிற்கக்கூடாது.

சரி, பின்னிருக்கை இளைஞர்? மோதலுக்கு அவர் எவ்விதத்திலும் காரணமல்லர். ஆனால், பின்னிருக்கையிலும் பட்டை அணிவது மலேசியாவில் 2009 முதல் கட்டாயம். அவர் அணியவில்லை. அவருக்கு முழு இழப்பீடு கிடைக்குமா?

இதே கேள்வி 1975இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கு வந்தது. அப்போது அந்நாட்டில் பட்டை அணிவது கட்டாயம்கூட இல்லை. நீதிபதி லார்ட் டெனிங் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்டினார். விபத்துக்குக் காரணம் வேறு, காயத்துக்குக் காரணம் வேறு. விபத்தை உண்டாக்கியவர் தவறாக ஓட்டியவர். காயத்துக்கோ பட்டை அணியாதவரும் ஓரளவு காரணம். பட்டை அணிந்திருந்தால் காயமே ஏற்பட்டிருக்காது எனில் இழப்பீட்டில் 25 விழுக்காடும், காயம் பெருமளவு குறைந்திருக்கும் எனில் 15 விழுக்காடும் கழிக்கலாம் என அவர் வழிகாட்டினார். அணிந்திருந்தாலும் அதே காயம் ஏற்பட்டிருக்கும் எனில் எதையும் கழிக்க வேண்டியதில்லை.

காயமடைந்தவரின் தவறுக்கேற்ப இழப்பீட்டைக் குறைக்க மலேசியாவின் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டமும் இடமளிக்கிறது. ஆகவே நம் இளைஞரின் வழக்கில், நீதிமன்றம் மருத்துவ அறிக்கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காயமாகப் பார்க்கும். நெற்றிக் காயம் பட்டை அணியாததால் வந்ததா? அப்படியானால் அதற்குரிய தொகையில் ஒரு பகுதி குறையும். விரல் முறிவு எப்படியும் நேர்ந்திருக்குமா? அப்படியானால் அதற்குரிய தொகை முழுவதும் அவருக்கே.