சூளைக்கு முன்னே சொல்லிவிடு

தியானப் பகுதி: எரேமியா 18, 19 அதிகாரங்கள்



குயவன் வீட்டைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். நானோ அந்த மண்ணிலே கை வைத்துக் கூலி வாங்கினவன். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் கோப்பைப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தேன். அங்கே கற்றதையும், அங்கே செய்த ஒரு தப்பையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

1. மண் தானாகப் பாத்திரம் ஆகாது

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கும். அப்படிப்பட்ட களிமண்ணோடு குவார்ட்ஸ் கல்லும் பெல்ஸ்பார் கல்லும் சேர்த்து, தண்ணீர் விட்டு, பால் மில்லில் மணிக்கணக்காய் அரைப்போம். பிறகு சல்லடை, பிறகு காந்தம். சின்ன இரும்புத் துகள் தங்கிவிட்டால்கூட வெள்ளைக் கோப்பையில் கறுப்புப் புள்ளியாய் வந்து நிற்கும்.

அந்த மண்கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவோம். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் கெட்டியாய்ப் படியும். மிச்சக் கூழைக் கொட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால், மண் சுருங்கி அச்சை விட்டு வரும். அப்புறம் கைப்பிடி ஒட்டவேண்டும். கோப்பையும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில் இருக்கவேண்டும். ஒன்று காய்ந்து ஒன்று ஈரமாயிருந்தால், ஒட்டின இடத்தில் மயிரிழை போல விரிசல் விடும்.

2. நான் பூசி மறைத்த விரிசல்

1992-ம் வருஷம், ஒரு சனிக்கிழமை. எங்களுக்கு எண்ணிக்கைக்குக் கூலி. அவசரத்தில் காய்ந்துபோன கோப்பைகளில் கைப்பிடி ஒட்டிவிட்டேன். நாற்பது கோப்பையில் விரிசல். உடைத்துத் தொட்டியில் போட்டால் அன்றைய கூலி போச்சு. நான் என்ன செய்தேன் தெரியுமா? விரலால் மண்கூழைத் தடவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்தேன். சூப்பர்வைசர் கண்ணுக்கும் தெரியவில்லை.

சூளை திறந்தபோது அத்தனையும் கைப்பிடி விட்டிருந்தது. பழி யார்மேல் விழுந்தது? சூளை போட்ட பெரியவர்மேல். "சூட்டை வேகமா ஏத்திட்டே"ன்னு சொல்லி அவர் கூலியைப் பிடித்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை.

அந்த ஞாயிறு ஆராதனையிலே கை தட்டிப் பாடினேன். வாயிலே துதி, உள்ளே விரிசல். அன்று பாஸ்டர் வாசித்த பகுதி எரேமியா 18. குயவன் கையிலே பாண்டம் கெட்டுப்போகிறது. அவன் அதைப் பூசி மறைக்கவில்லையே! அதே மண்ணைத் திரும்ப வனைகிறான். அதற்குமேல் என்னால் பாட முடியவில்லை.

திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்குமுன் சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொன்னேன். என் கூலியைப் பிடித்து அவருக்குக் கொடுத்தார்கள். பெரியவர் என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: "ஏன்டா தம்பி, பச்சையா இருக்கும்போதே சொல்லியிருந்தா தொட்டியில போட்டிருக்கலாமே. மண்ணு மிஞ்சியிருக்கும்ல?"

3. இரண்டு அதிகாரத்துக்கு நடுவே ஒரு சூளை

அந்த வார்த்தையிலே நான் ஒரு பாடம் கண்டேன். பச்சைப் பாண்டம் எவ்வளவு காய்ந்தாலும் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். ஆனால் சூளையில் 500, 600 டிகிரி சூடு ஏறும்போது, களிமண்ணுக்குள்ளேயே கட்டுண்டிருக்கிற நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் எத்தனை நாள் ஊறப்போட்டாலும் அது குழைகிற மண்ணாகாது.

இப்போது 18-ம் அதிகாரத்தையும் 19-ம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்துப் பாருங்கள். முந்தினதில் ஈர மண். கெட்டாலும் திரும்ப வனையப்படுகிறது. பிந்தினதில் தீர்க்கதரிசி உடைப்பது விலைக்கு வாங்கின, சுட்ட கலசம்; அதை ஒட்டவைக்க வழியில்லை. மண் ஒன்றுதான். நடுவே இருப்பது சூளை.

பிரியமானவர்களே, கணவனிடம் மறைத்த கடன், முதலாளியிடம் மறைத்த கணக்கு, சகோதரன்மேல் விழவிட்ட பழி, இவை இன்று ஈரமாயிருக்கும். இன்றே சொன்னால் ஒரு நாள் கூலி போகும், கொஞ்சம் வெட்கம் வரும். நாளைக்கு என்று தள்ளினால் நெருப்பு அதைத் திறந்து காட்டும். அதுவும் வேறொருவன் தலையிலே பழி விழுந்தபின்.

4. உடைந்த ஓடும் வீணாகாது

"ஐயோ, என் காரியம் சூளை தாண்டிவிட்டதே" என்று கலங்குகிறாயா? இதையும் கேள். சுட்டு உடைந்த ஓட்டை அரைத்து, சூளைச் செங்கலுக்கான மண்ணிலே கலப்பதுண்டு. அது மறுபடி கோப்பையாகாதுதான். ஆனால் அந்த மண் அதிகம் சுருங்காமலும் வெடிக்காமலும் காக்க அது உதவும். என் நாற்பது கோப்பையும் போனது போனதுதான். ஆனால் அந்தக் கதையை அதற்குப்பின் வேலை பழக வந்த ஒவ்வொரு பையனுக்கும் சொன்னேன். "அண்ணே, இதுல விரிசல் விட்டிருக்கு"ன்னு எத்தனையோ பேர் தைரியமாய் வந்து காட்டினார்கள்.

இந்த வாரம் ஜெபத்தில் தரித்து உன்னையே கேள்: நான் பூசி மறைத்த விரிசல் எது? அதற்காக இன்று பழி சுமக்கிறவன் யார்? எழுந்து போய் அவனிடம் சொல். மண் இன்னும் ஈரமாயிருக்கிறது.