'நம்மால் இயலாது' என்பது யார் சொன்ன சொல்?

உபாசக உபாசிகைகளே,

நம் சங்கங்களில் ஞாயிறு வந்தனைக்குப் பலர் வருகின்றனர். திரிசரணமும் பஞ்சசீலமும் எல்லோரும் சேர்ந்தே சொல்லுகின்றனர். ஆனால், "வரும் வாரம் தாங்கள் வந்தனையை நடத்தி ஒரு சிறு பாடம் சொல்லுங்கள்" என்று ஒருவரைக் கேட்டால், அவர் உடனே பின்வாங்குகிறார். "நான் படிக்காதவன்", "எனக்குப் பாலி வராது", "பெண்பிள்ளை சபையில் எப்படிப் பேசுவது?" என்று காரணங்கள் எழுகின்றன. கேட்பதற்கு இவை பணிவான சொற்களாகவே தோன்றும். ஆராய்ந்து பார்த்தாலோ, இவற்றுட் பல பணிவால் பிறந்தவை அல்ல. ஆராயாமல் ஏற்றுக்கொண்ட முடிவுகளே. இதனால் ஒருவரே பல்லாண்டு சங்கத்தை நடத்துகிறார். அவர் தளர்ந்தால் சங்கத்தின் கதவும் பூட்டப்படுகிறது. ஆகையால் இதனை இன்று பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. காலாமர் பாடம்

கேசபுத்தம் என்னும் ஊரில் காலாமர்க்குப் பகவான் உபதேசித்ததை நாம் அறிவோம். கேள்விப்பட்டது என்பதற்காகவோ, வழிவழியாக வந்தது என்பதற்காகவோ, நூலில் உள்ளது என்பதற்காகவோ ஒன்றையும் ஏற்க வேண்டா. நன்மை தருவதா, தீமை தருவதா என்று தாமே கண்டறிந்து கொள்ளவோ தள்ளவோ வேண்டும் என்பது அதன் கருத்து. இந்த உரைகல்லைக் கொண்டே பிறப்பினால் உயர்வு தாழ்வு என்னும் கொள்கையை உரைத்துப் பார்த்துத் தள்ளினோம். ஆனால், 'நமக்கு அறிவு போதாது, நாம் ஏவியதைச் செய்யப் பிறந்தவர்' என்னும் எண்ணத்தை அதே கல்லில் உரைத்தோமா? அதுவும் வழிவழியாகக் கேட்டதுதானே? பழைய கொள்கையை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு, அது பெற்ற பிள்ளையை வீட்டுக்குள் சோறிட்டு வளர்ப்பது தகுமா?

2. உபாலி தேரர்

சாக்கியர்க்கு முடிதிருத்தும் தொழில் செய்தவர் உபாலி. அநுருத்தர், ஆனந்தர் முதலிய அரச குமாரர் துறவு பூணப் புறப்பட்டபோது, தம் அணிகலன்களை அவரிடம் கொடுத்துத் திருப்பி அனுப்பினர். அவரோ அவற்றை ஒரு மரத்தில் தொங்கவிட்டுவிட்டு, அவர்களைப் பின்தொடர்ந்தார். அநுப்பியாவில் அந்தக் குமாரர்களே, தங்கள் குலச்செருக்கு அடங்கும்பொருட்டு உபாலிக்கு முதலில் துறவளிக்குமாறு வேண்டினர். முன் துறந்தவரைப் பின் துறந்தவர் வணங்குவது சங்கமுறை. ஆகவே ஏவியவர் வணங்கினர். ஏவல் கேட்டவர் வணக்கம் பெற்றார்.

உபாலியின் பெருமை இத்துடன் முடியவில்லை. அவர் விநயத்தை முறையாகக் கற்றார். பகவானின் பரிநிர்வாணத்திற்குப் பின் இராசகிருகத்தில் கூடிய முதற் சங்கத்தில், மகாகாசியபர் விநயத்தைப் பற்றி வினவியது உபாலியைத்தான். முதலில் கிடைத்த வரிசை பிறர் தந்தது. விநயத் தலைமை அவர் கற்றதனால் வந்தது. வாய்ப்பும் வேண்டும், உழைப்பும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

3. சோமை தேரி

சாவத்தியில் தியானத்திலிருந்த சோமை என்னும் பிக்குணியை மாரன் அணுகி, முனிவர் எய்தும் நிலையை இரண்டு விரல் அறிவுடைய பெண் எய்தலாகாது என்று இகழ்ந்தான். சோறு வெந்ததா என்று பெண்கள் இரண்டு விரலால் நசுக்கிப் பார்ப்பதையே அவன் குறித்தான் என்று உரையாசிரியர் விளக்குவர். சித்தம் நன்கு ஒருமைப்பட்டு ஞானம் தோன்றுமிடத்தில் பெண்மை என்ன தடை செய்யும் என்று அவள் விடையளித்தாள். மாரன் வாடி மறைந்தான்.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. மாரன் வாளெடுத்து வரவில்லை. ஓர் அபிப்பிராயத்தைக் கொண்டு வந்தான். அதைச் சோமை தன் அபிப்பிராயமாக ஏற்றிருந்தால் அவன் வென்றிருப்பான்.

4. தலைவரும் ஆராய வேண்டும்

சூளபந்தகர் நான்கு மாதம் முயன்றும் ஒரு செய்யுளை மனப்பாடம் செய்ய இயலவில்லை. அவருடைய தமையனாராகிய தேரர், அவரை விகாரையைவிட்டுப் போகச் சொன்னார். பகவானோ அவர் கையில் ஒரு தூய வெண்துணியைத் தந்து, அழுக்கு நீங்குதலைக் குறிக்கும் சொல்லைச் சொல்லிக்கொண்டே தடவச் செய்தார். துணி அழுக்கேறுவதைக் கண்டு அநித்தியத்தை உணர்ந்து அவர் அரகத்தானார். மாணவர் மந்தமானவர் என்பது தமையனார் முடிவு. கற்பித்த வழி பொருந்தவில்லை என்பது பகவான் கண்டது. சங்கத் தலைவர்களே, "இவருக்கு ஒன்றும் வராது" என்று எவரையேனும் ஒதுக்குமுன், எத்தனை வழியில் கற்பித்துப் பார்த்தோம் என்று எண்ணிப் பாருங்கள்.

5. 'இயலாது' வேறு, 'இன்னும் கற்கவில்லை' வேறு

எல்லாம் எல்லோர்க்கும் எளிது என்று நாம் கூற வரவில்லை. நாம் நூற்பாலையில் உழைத்த காலத்தில், புதிதாய் வந்தவர் ஓடும் கதிரில் அறுந்த இழையை ஒட்ட அஞ்சி நிற்பதைப் பலமுறை கண்டதுண்டு. சில வாரங்களில் அவர் விரல் தானே அதனைச் செய்யும். முதல் நாளில் அவர்க்கு இருந்தது பயிற்சிக் குறைவு. பிறவிக் குறைவு அன்று.

சபை நடத்துவதும் பயிற்சியே. தீர்மானம் கொண்டுவருதல், வாக்கு எண்ணுதல் முதலிய முறைகளைப் பழைய பௌத்த சங்கங்கள் அறிந்து கையாண்டன என்று டாக்டர் அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் எடுத்துக்காட்டினார். பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் தோற்றுவித்த சாக்கைய பௌத்த சங்கத்திற்குக் கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்தில் கிளை நடத்தியவர்கள் அந்தச் சுரங்க ஊர்த் தமிழர்களே. 2001இல் அங்கே சுரங்கங்கள் மூடப்பட்டன. அவர்கள் செய்த தம்மப்பணி வரலாற்றில் நிற்கிறது.

இம்மாதப் பயிற்சி

'என்னால் இயலாது' என்று நீங்கள் நம்பும் ஒன்றை எழுதுங்கள். எழுத வராதவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அதை முதலில் சொன்னவர் யார், முயன்று பார்த்து அறிந்ததா, அதனால் யாருக்கு நன்மை என்று மூன்று வினாக்களால் ஆராயுங்கள். பிறகு அதன் மிகச் சிறிய பகுதியைச் செய்யுங்கள். ஒரு வாரம் திரிசரணத்தை மட்டும் முன்னின்று சொல்லுங்கள். மறு வாரம் பஞ்சசீலத்தையும் சேருங்கள். தலைவராயிருப்பவர் அந்த நேரம் பின்வரிசையில் அமர்ந்து, பிழை நேர்ந்தாலும் குறுக்கிடாது பொறுமையாகக் கேட்கக் கடவர். அதுவும் ஒரு சீலமே.

எல்லா உயிரும் நலமுறுக!

சாது! சாது! சாது!