தனியாக வைத்துக் கேளுங்கள்

அனந்தபுரம் சுற்று வட்டாரத்தில் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும்:

சிகிச்சைக்கு வந்த பெண் "வழுக்கி விழுந்துட்டேன்" என்கிறார். காயமோ கன்னத்திலும் முன்கையிலும், பழையதும் புதியதுமாக. கேள்விக்கெல்லாம் கணவரே பதில் சொல்கிறார். பரிசோதிக்க வேண்டும் என்று கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "வீட்ல யாராவது அடிக்கிறாங்களாம்மா?" என்று நேராகக் கேளுங்கள். மாமியார் எதிரிலும் வேண்டாம். ஏன் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

கழுத்தை நெரித்ததாகச் சொன்னால், தடம் தெரியாவிட்டாலும் அவசரம்தான். குரல் கம்மல், விழுங்கும்போது வலி, மூச்சுத்திணறல் இருக்கிறதா பாருங்கள். 108-ஐ அழைத்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே பதிவு செய்யுங்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, அவர் கேட்டால் சிகிச்சை தந்தே ஆக வேண்டும். பெண்கள் உதவி எண் 181-ஐ வாயால் சொல்லிக்கொடுங்கள். மருந்துச் சீட்டில் எழுதினால் வீட்டில் யார் கண்ணில் படுமோ.