செஸ் புரோகிராம் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே செஸ் விளையாட்டைத் திறந்து பார்க்கிறார்கள். நான்கு ஆட்டம் தோற்றதும், இதை ஜெயிக்கவே முடியாது என்று மூடிவிடுகிறார்கள். மூடுவதற்கு முன் அந்தப் புரோகிராம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது எங்கே தப்புக் கணக்குப் போடுகிறது என்பதும் புரிந்துவிடும். தினமும் புரோகிராம் எழுதும் எனக்கு ஆட்டத்தைவிட இந்த விஷயம்தான் அதிகம் பிடிக்கும்.

சில செஸ் புரோகிராம்களில் திரையின் ஓரத்தில் +0.35, -1.20 என்று ஓர் எண் மாறிக்கொண்டே இருக்கும். பிளஸ் என்றால் வெள்ளைக்குச் சாதகம், மைனஸ் என்றால் கறுப்புக்குச் சாதகம். ஒரு சிப்பாயின் மதிப்பு 1. குதிரைக்கும், மூலைவிட்டமாக நகரும் பிஷப்புக்கும் 3. யானைக்கு 5, ராணிக்கு 9. கம்ப்யூட்டர் செஸ் பற்றி 1950-ல் கட்டுரை எழுதிய கிளாட் ஷானன் இந்த மதிப்புகளையே பயன்படுத்தினார். ராஜாவின் பாதுகாப்பு, சிப்பாய்களின் அமைப்பு போன்றவற்றுக்கும் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் ஓர் எண் கிடைக்கும். ஆக, அது ஒரு மதிப்பீடு. தராசில் நிறுத்த எடை என்று நினைத்துவிடாதீர்கள்.

கம்ப்யூட்டர் இந்த மதிப்பீட்டை இப்போதைய நிலைக்குப் போடுவதில்லை. நான் இப்படி ஆடினால் அவர் அப்படி ஆடுவார், பிறகு நான் இப்படி என்று முன்னால் போய்ப் பார்த்து, போன இடத்தில் போடுகிறது. செஸ்ஸில் ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் சாத்தியம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் மூன்று மூன்று முறை ஆடினால் 35-ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். விடை 183 கோடிக்கு மேல்! 1997-ல் நியூயார்க்கில் காஸ்பரோவை 3.5-2.5 என்று தோற்கடித்த ஐபிஎம்மின் டீப் ப்ளூ ஒரு விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்தது. தேவையில்லாத கிளைகளை வெட்டிவிட்டுத் தேடும் உத்தியும் உண்டு. இருந்தாலும் ஏதோ ஓர் இடத்தில் நின்றுதான் ஆகவேண்டும்.

அந்த இடத்தில்தான் முதல் வில்லங்கம். இரவில் பைக் ஓட்டுகிறீர்கள். ஹெட்லைட் வெளிச்சம் விழும் தூரம் வரை சாலை நன்றாக இருக்கிறது. அதற்கு அடுத்த அடியில் பள்ளம் இருந்தால்? கம்ப்யூட்டருக்கும் இதே கதைதான். பிஷப்பை இழப்பது உறுதி என்று தெரிந்தால், இடையில் வேண்டாத செக் ஒன்று வைக்கும், சிப்பாய் ஒன்றைத் தள்ளிக் கொடுக்கும். இழப்பு வெளிச்சத்துக்கு அப்பால் தள்ளிப்போகும். உடனே இழப்பே இல்லை என்று முடிவுகட்டிவிடும். ஹான்ஸ் பெர்லைனர் என்பவர் 1973-ல் இதற்குத் தொடுவான விளைவு என்று பெயர் வைத்தார். அவர் கம்ப்யூட்டர் விஞ்ஞானி. தபால் மூலம் ஆடும் செஸ்ஸில் உலக சாம்பியனாகவும் இருந்தவர்.

வெட்டும் நகர்த்தல்கள் முடிந்து நிலைமை அமைதியாகும் வரை கூடுதலாகத் தேடச் சொல்லி இந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். சரிசெய்யக் கடினமாக இருந்தது இன்னொரு குறை: எதுவுமே நடக்காத நிலை. இரு பக்கச் சிப்பாய்களும் முட்டிக்கொண்டு பூட்டிப்போனால், 20 நகர்த்தல் தள்ளிப் பார்த்தாலும் பெரிய மாற்றம் தெரியாது. மனிதன் அங்கே வேறு மாதிரி யோசிப்பான். குதிரையை அந்த ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு எத்தனை நகர்த்தல் ஆனாலும் சரி என்று திட்டம் போடுவான்.

2003 நவம்பரில் நியூயார்க்கில் எக்ஸ்3டி ஃபிரிட்ஸ் என்ற புரோகிராமோடு காஸ்பரோவ் நான்கு ஆட்டங்கள் ஆடினார். இரண்டாவதில் தோற்றிருந்தார். மூன்றாவதில் வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்து, வேண்டுமென்றே நடுப்பலகையைப் பூட்டிவிட்டார். ராணி இருக்கும் பக்கம் இடம் பிடித்து நிதானமாக முன்னேறினார். ஃபிரிட்ஸ் செய்திருக்க வேண்டியது, மறுபக்கம் எஃப் வரிசைச் சிப்பாயைத் தள்ளிப் பூட்டை உடைப்பது. கிளப்பில் ஆடும் சாதாரண ஆட்டக்காரரும் யோசிக்கக்கூடியதுதான். ஃபிரிட்ஸோ காய்களை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தது. 45 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது, காஸ்பரோவ் ஜெயித்தார். போட்டி 2-2 என்று சமனானது.

இதைவிட வேடிக்கையானது 2008-ல் ஹிகாரு நகாமுரா ரிப்காவை வென்ற ஆட்டம். இன்டர்நெட்டில் ஆளுக்கு மூன்றே நிமிடம் கொண்ட ஆட்டம் அது. ரிப்கா அப்போது முன்னணிப் புரோகிராம். நகாமுரா எல்லாவற்றையும் பூட்டிவிட்டுச் சும்மா நகர்த்திக்கொண்டிருந்தார். செஸ்ஸில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து 50 நகர்த்தல்கள் சிப்பாய் நகராமலும் எந்தக் காயும் வெட்டப்படாமலும் போனால் டிரா கேட்கலாம். காய்க் கணக்கில் ரிப்கா முன்னால் இருந்தது. ஜெயிக்கிற நேரத்தில் டிரா எதற்கு என்பது அதன் கணக்கு. டிராவைத் தவிர்க்க, நகர்த்தக் கூடாத சிப்பாயை நகர்த்தித் தானே பூட்டைத் திறந்துவிட்டது. நகாமுரா உள்ளே புகுந்தார். சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனபோது ராணி கேட்காமல் வரிசையாக பிஷப்புகளாக மாற்றிக்கொண்டார். குறும்புதான், வேறென்ன! 271-வது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அரீனா என்ற செஸ் புரோகிராமும் ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜினும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் இன்ஸ்டால் செய்து, விரும்பிய நிலையை அமைக்கும் பகுதியைத் திறந்து போர்டைக் காலி செய்யுங்கள். வெள்ளைச் சிப்பாய்களை ஏ4, பி3, சி4, டி3, இ4, எஃப்3, ஜி4, ஹெச்3 கட்டங்களில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரே கறுப்புச் சிப்பாய்: ஏ5, பி4, சி5, டி4, இ5, எஃப்4, ஜி5, ஹெச்4. வெள்ளை ராஜா ஜி1-ல், கறுப்பு ராஜா ஜி8-ல். கடைசியாக எஃப்1-ல் ஒரு வெள்ளை பிஷப்.

காய்களை மட்டும் எண்ணினால் வெள்ளை 3 புள்ளி முன்னால். இப்போது போர்டைப் பாருங்கள். எந்தச் சிப்பாயும் நகர முடியாது, எதையும் வெட்டவும் முடியாது. அந்த பிஷப் வெளிர்நிறக் கட்டங்களில் மட்டுமே போகும். மூன்றாவது, நான்காவது வரிசைகளில் உள்ள வெளிர்நிறக் கட்டங்கள் எல்லாவற்றிலும் அதன் சொந்தச் சிப்பாய்களே நிற்கின்றன. எஞ்சியிருப்பது முதல் இரண்டு வரிசைகளில் 8 கட்டங்கள். ஆயுள் முழுக்க அதற்குள்தான் சுற்ற வேண்டும். ராஜாக்களாலும் எதிர்ப்பக்கம் போக முடியாது, வழியில் காலியாக உள்ள கட்டங்களைச் சிப்பாய்கள் காவல் காக்கின்றன. செஸ் படிக்க ஆரம்பித்த பையன்கூட இதை டிரா என்று சொல்லிவிடுவான். என்ஜினை ஓடவிட்டு, எண் 0.00 ஆகிறதா, இல்லை வெள்ளைக்குச் சாதகம் என்றே நிற்கிறதா என்று கவனியுங்கள். பிறகு பிஷப்பை எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 முதல் மதிப்பீட்டு வேலையில் நியூரல் நெட்வொர்க்கும் சேர்ந்தது. கோடிக்கணக்கான நிலைகளைக் காட்டிப் பழக்கிய நெட்வொர்க் அது. பூட்டிய நிலையின் மதிப்பீடும் முன்பைவிடத் தேறிவிட்டது. ஆனாலும் இப்படி முழுக்க அடைபட்ட கோட்டைகளில் இன்றைய என்ஜின்களும் சாதகம் காட்டுவதுண்டு. மற்றபடி, காஸ்பரோவ் செய்ததை நாமும் செய்யலாம் என்று முழு வேகத்தில் உள்ள என்ஜினோடு மோத வேண்டாம். பூட்டுப் போடும் வரை அது உங்களை விட்டுவைக்காது! லெவலைக் குறைத்து வைத்துக்கொண்டு, சிப்பாய்களைப் பூட்டிவிட்டு, அது என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு காயை முன்னும் பின்னும் நகர்த்தத் தொடங்கினால் அதற்குத் திட்டம் எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் குதிரையை மெதுவாகக் கிளப்ப அதுதான் நேரம்.